கும்பிடாதவன் வீட்டுப் பண்டிகை

நாகர்கோவில்,
டிசம்பர் 14.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் நாலு வார்த்தை பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றாலே, விஷயம் உன்னை எவ்வளவு குடைகிறது என்று தெரிகிறது. அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை நன்றாகப் பெய்தது, பழையாற்றில் தண்ணீர் ஓடுகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா 3ஆம் தேதியோடு முடிந்தது. பத்து நாளும் அந்த ரோட்டில் காலூன்ற இடமில்லை. அது முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் சுசீந்திரத்தில் மார்கழிக் கொடியேற்றம். என் மூட்டுவலி போகவும் இல்லை, கூடவும் இல்லை. என் மனைவி, உன் மைனி, சுகம். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி இருந்தவள், இறந்துபோன பிறகு வந்த முதல் கார்த்திகை. உன் மகள் அம்மாவின் அகல்களை எடுத்துக் கழுவி வாசலில் வரிசையாக வைத்திருக்கிறாள். பேத்தி வந்து ‘தாத்தா, நீங்களும் ஒண்ணு ஏத்துங்க’ என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நீயும் ஏற்றியிருக்கிறாய். அன்று ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சி இருக்கும்போது ஒரு நாளும் ஏற்றாதவன் இப்போது ஏற்றினால் அது நடிப்பில்லையா என்று கேட்கிறாய். பண்டிகை கொண்டாடுகிற நாத்திகன் பாதி நாத்திகன்தானே என்றும் கேட்டிருக்கிறாய்.

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மக்கா. விளக்கு ஏற்றியபோது நீ யாரிடமும் எதையும் நம்புவதாகச் சொல்லவில்லை. தங்கச்சி கைபட்ட அகல், அவளுடைய பேத்தி கூப்பிடுகிறாள், நீ போனாய். ‘சாமி இருக்கா தாத்தா?’ என்று அவள் கேட்டு, நீ சமாளிப்பதற்காக ‘ஆமா’ என்று சொல்லியிருந்தால் அது பொய். அப்படிக் கேட்கிற நாள் வரும். அன்றைக்கு ‘பாட்டி நம்பினா, நான் நம்பல, பெரிய ஆளாகி நீயே யோசிச்சுப் பாரு’ என்று சொல். பிள்ளைகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். அவர்களைக் குழப்புவது நம்முடைய மழுப்பல்தான்.

நான் எங்கே சேருகிறேன், எங்கே ஒதுங்குகிறேன் என்று கேட்டாயே. வேலை, சாப்பாடு, பாட்டு, கூட்டம் இதெல்லாம் ஊருக்குப் பொது. அதில் முழு மனசோடு சேருவேன். ஜெபமும் அர்ச்சனையும் நம்புகிறவர்களுடையது. அங்கே ஒதுங்கி நிற்பதுதான் அவர்களுக்கு நான் கொடுக்கிற மரியாதை. உன் மைனியின் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால் காலையிலேயே போய்விடுவேன். வாழைக்குலை, பூசணி, சேவல், தென்னங்கன்று என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். அசனம் என்கிற சபைச் சாப்பாட்டுக்குப் பந்தி பரிமாறவும் நிற்பேன். ஆனால் ஆராதனையில் அப்பம் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே இருப்பேன். அந்த அப்பத்தை அவர்கள் நெஞ்சு நடுங்க வாங்குகிறார்கள். எனக்கு அது வெறும் அப்பம் என்றால் நான் அதைத் தொடக் கூடாது. கோயிலில் யாராவது திருநீறு நீட்டினால் ‘வேண்டாம் அண்ணாச்சி’ என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பூசிக்கொண்டு வந்து வெளியே நின்று கேலி பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்றும் யோசி. நம்புகிறவன் கொண்டாடுவான், நம்பாதவன் கொண்டாட மாட்டான் என்று நேர்கோடு போட முடியாது. இயேசு பிறந்தது டிசம்பர் 25 என்று பைபிளில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸில் ஆண்ட பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஆழ்ந்த பக்தி உள்ளவர்கள். அவர்களே 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். அது 1681 வரை இருந்தது. நம் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றிலும் கிறிஸ்துமஸ் கிடையாது. முழு நம்பிக்கை உள்ளவர்கள் கொண்டாடாமல் இருக்கலாம் என்றால், நம்பிக்கை இல்லாதவன் ஒரு அகல் ஏற்றக் கூடாதா?

உன் மகன் நியூ ஜெர்சியில் டிசம்பர் 23ஆம் தேதி ஏதோ ‘ஹியூமன்லைட்’ விழாவுக்குப் போகிறான் என்று எழுதியிருந்தாய். கேள்விப்பட்டிருக்கிறேன். 2001இல் அந்த மாநிலத்து மனிதநேயவாதிகள்தான் அதைத் தொடங்கினார்கள். கடவுள் பெயர் இல்லாமல், நியாய அறிவையும் மனித நேயத்தையும் வைத்து ஒரு குளிர்காலப் பண்டிகை. அதற்கும் முன்னால், 1963இல், டெட்ராய்ட் பக்கம் ஷெர்வின் வைன் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, கடவுளை முன்னிறுத்தாத யூதச் சபையையே ஆரம்பித்தார். பழைய பண்டிகைகளை விட்டுவிடாமல், தாங்கள் நம்புகிற சொற்களை அதில் போட்டுக் கொண்டாடினார்கள். அங்கே அப்படித் தேவைப்பட்டிருக்கிறது, தப்பே இல்லை. ஆனால் நம் ஊருக்கு அப்படி ஒரு புது நாள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே பண்டிகை என்பது பக்கத்து வீட்டுக்காரன். அவனை விட்டுவிட்டு நாம் தனியாக எங்கே போய்க் கொண்டாட?

நம் மாவட்டத்தை எண்ணிப் பார். 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு அம்மன் கொடை விழா, அய்யா வைகுண்டர் பிறந்த மாசி 20 என்று எல்லாவற்றுக்கும் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். எந்தப் பண்டிகைக்கும் போக மாட்டேன் என்று நான் வைராக்கியமாக இருந்தால், வருஷத்தில் பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இங்கே கதவு சாத்தினால் என்ன ஆகும் என்று நாம் 1982இல் பார்த்தோம். மார்ச் மாசம், மாசிக் கொடை சமயம், மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே கலவரமும், போலீஸ் துப்பாக்கிச் சூடும். ஒரே கடையில் சாமான் வாங்கினவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். குன்றக்குடி அடிகளார் சமாதானம் பேச வந்தது உனக்கும் நினைவிருக்கும். எந்தச் சாமியையும் கும்பிடாத நாம் ஒரு கொடைக்கும் போகலாம், கிறிஸ்தவர்களின் ஒரு குருசடிக்கும் போகலாம், தக்கலை பீரப்பா தர்காவில் ராத்திரி முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடும்போது போய் உட்காரவும் செய்யலாம். எல்லா வாசலிலும் நிற்கக் கூடியவர்கள் நாம்தான் என்றே நான் நினைக்கிறேன். பீரப்பாவின் தமிழைக் கேட்டால் நீ எழுந்து வர மாட்டாய்; நேர்ச்சைச் சோறு அப்புறம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்காதே. சுசீந்திரம் தேரையே எடுத்துக்கொள். அந்தக் கோயில் தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1926இல் சத்தியாகிரகம் இருக்க வேண்டி வந்தது. கோயிலுக்குள் போக 1936 நவம்பரில் திருவிதாங்கூர் ராஜாவின் பிரகடனம் வர வேண்டியிருந்தது. இன்றைக்குத் தேர் வடத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கிறார்கள் என்றால் அது அடிபட்டு வாங்கின உரிமை. அந்த வடத்தைப் பிடிக்கும்போது எனக்கு மயிர் சிலிர்க்கும், காரணம் இதுதான். ஊர்க் கொடைக்கு வரி கேட்டு வந்தால் கொடுக்கிறேன். வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் சோற்றுக்கும் அந்தப் பணம் போகிறது. ஆனால் முதல் மரியாதை இன்ன குடும்பத்துக்கு, பரிவட்டம் இன்னாருக்கு என்று ஆளைத் தரம் பிரிக்கிற இடம் வந்தால் நான் அங்கே நிற்பதில்லை, ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் சொல்லவும் செய்வேன். சாமியைவிட இந்த வரிசைதான் என்னை எப்போதும் உறுத்தியிருக்கிறது.

அதே சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு நடக்கும், தெரியுமே. கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் மருங்கூர் முருகனும் அப்பா அம்மாவைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி சப்தாவர்ணம் என்ற நிகழ்ச்சியில் பிரிந்து போவார்கள். சாமி சிலைதான், எனக்குத் தெரியும். ஆனால் வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற வீட்டுக்காரர்கள் சூழ நின்று அதைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளையை நினைத்தாளோ. அந்த இடத்தில் நின்று ‘இதெல்லாம் கல்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நம் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவை நினைத்துப் பார். பூதப்பாண்டிக்காரர். பகத்சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்து அதற்காகக் கைதானவர். அந்த மனுஷன் காரைக்குடி கம்பன் விழா மேடையில் ஏறி ராமகாதையைப் பேசினால் பக்தர்களே வாயைப் பிளந்து கேட்டார்கள். அவரை யாராவது பாதிக் கம்யூனிஸ்ட் என்றார்களா? பெரியாரும் தீபாவளியை வேண்டாம் என்றாரே தவிர, பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடத்தான் சொன்னார். பண்டிகையே இல்லாத வாழ்க்கையை அவரும் கேட்கவில்லை.

இதில் நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. நம்மைப் போன்றவர்கள் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று சொல்லி ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிப்போம். விசுவாசம் உள்ள பெண்கள் அடுப்படியில் வேர்த்து நிற்பார்கள். பலகாரம் வந்தால் நாமும் சாப்பிடுவோம். கொள்கை எல்லாம் கும்பிடுவதோடு நின்றுபோகும். இது நியாயமே இல்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து இப்போது என் பொறுப்பு. சிறுபயறை வாசம் வரும்வரை பைய வறுக்க வேண்டும். ஒரு நிமிஷம் கூடினால் கசந்துவிடும். உடைத்துத் தொலியைப் புடைத்துவிட்டு, பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளற வேண்டும். ஆறினால் உதிரும், அதனால் சூட்டோடு உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்துபோகும். மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து, மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் பொரித்தால் கொத்துக் கொத்தாக வரும். இவ்வளவு வேலையையும் எத்தனை வருஷம் பெண்கள் மட்டும் செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். செய்ததை அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். உன் மைனி அன்றைக்கு நிம்மதியாகச் சபைக் கோயிலுக்குப் போய்வருவாள். அவள் சாப்பாட்டு ஜெபம் சொல்லும்போது நான் பேசாமல் இருப்பேன். நான் கண்ணை மூடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

தங்கச்சி இருக்கும்போது ஏற்றவில்லையே என்ற உன் வருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை மக்கா. அவள் உன்னைக் கட்டாயப்படுத்தியதே இல்லை என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். அவளுக்கு உன்னைத் தெரிந்திருந்தது. அடுத்த கார்த்திகைக்கு மகளோடு சேர்ந்து அகலைக் கழுவு, திரி போடு, பொரி உருண்டையும் பிடி. வேலை செய்த கையால் ஏற்றினால் நடிப்பு என்ற எண்ணம் உனக்கு வராது என்று நினைக்கிறேன். கும்பிடத் தோன்றவில்லை என்றால் கும்பிடாதே, மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இந்த வருஷம் அங்கே தனியாக உட்கார்ந்திருக்காதே. மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வா. கிறிஸ்துமஸ் இங்கே, அப்புறம் சுசீந்திரம் தேர் பார்த்துவிட்டுப் போகலாம். முந்திரிக்கொத்து உருட்ட எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும், அதனால் 22ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. வரும்போது இங்கே தீர்ந்துபோன என் மூட்டுவலித் தைலத்தில் இரண்டு பாட்டில் வாங்கி வா. எந்தக் கம்பெனி என்று மகளுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறேன். டிக்கெட் போட்டதும் போன் செய்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்