சீவாளி கட்டவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது முதல், அவ்வூர்ப் பட்டறைகளைப் பற்றியும், நாதஸ்வரம் கடைவதற்காகப் பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் ஆச்சா மரத்து உத்தரங்களைத் தேடி அங்குள்ள கைவினைஞர்கள் அலைவதைப் பற்றியும் பத்திரிகைகளில் அவ்வப்போது படித்து வருகிறோம். மகிழ்ச்சி. ஆனால் உலவு என்னும் குழல் பகுதியையும் அணசு என்னும் அடிப்பகுதியையும் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்திருந்தாலும், உச்சியில் செருகும் அந்தச் சிறு நாணல் துண்டு சரியாக அமையாவிட்டால் வாத்தியம் பேசாது. அந்தச் சீவாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் குறை.

இசைப்பள்ளி ஒன்றில் நெடுங்காலம் நாதஸ்வரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வர்ணம், கீர்த்தனை, மல்லாரி, ராக ஆலாபனை என்று எல்லாவற்றுக்கும் பாடத்திட்டத்தில் இடமிருந்தது. சீவாளிக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. மாணவர்கள் கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்கி வருவார்கள்; அது இரண்டு வாரத்தில் பிளந்தால் அடுத்ததை வாங்குவார்கள். ஊதினால் கட்டையாக ஒலிக்கிறதா, கீச்சிடுகிறதா, எந்த இடத்தில் சுரண்டினால் இளகும் என்பதைப் பரிசோதித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. தெரியாததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

இது சில்லறை விஷயம் அன்று. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே உள்ள ஐந்து துளைகளை மெழுகால் அடைத்தும் குறைத்தும் சுருதியைச் சற்றுச் சரிசெய்துகொள்ளலாம். மரம் செய்யும் உதவி அத்துடன் முடிகிறது. சாதாரண காந்தாரம் என்னும் ஸ்வரத்திலிருந்து சற்று உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கு நகர்வதும், தோடி ராகத்தின் கமகங்களை அசைப்பதும், நாக்கால் தட்டி ஊதும் துத்துகாரமும் தன்னகாரமும் தெளிவாக விழுவதும் மூச்சு, உதடு, நாக்கு ஆகியவற்றோடு சீவாளி எந்த அளவுக்கு இணங்குகிறது என்பதைப் பொறுத்தவை. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியம ஸ்வரம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தை (நீளமான நாதஸ்வரத்தை)ச் செய்துகொடுத்த கதையை இத்துறையில் அறியாதவர் இல்லை. அந்தப் பாரியையும் சீவாளி வழியாகத்தானே ஊத வேண்டியிருந்தது! (நாதஸ்வரமா, நாகசுரமா என்ற பெயர் விவாதத்தில் நாம் செலவிட்ட மையில் கால் பங்கைச் சீவாளிக்காகச் செலவிட்டிருக்கலாம்.)

குருகுலத்தில் இந்தக் குறை இல்லை. வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும் ஊசியையும் பார்த்துக்கொள்வது சீடப்பிள்ளையின் வேலையாக இருந்தது. குரு கச்சேரிக்கு முன்னால் அவற்றை எச்சிலில் நனைத்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத் தள்ளுவதை அருகிலிருந்து கவனித்தே, மழைக்காலத்துக்கு எது, சித்திரை வெயிலுக்கு எது என்பதை அவன் தெரிந்துகொண்டான். நேரம் வகுத்து நடக்கும் வகுப்பறைக் கல்விக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துசேராது. திட்டமிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கொறுக்கைத் தட்டை என்னும் நாணலை அறுத்து, அவித்து, உலர்த்தி, கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் நூலால் கட்டுவது வரை அறிந்த கைவினைஞர் ஒருவரை மாதம் இரண்டு நாள் ஒவ்வோர் அரசு இசைப்பள்ளிக்கும் அழைத்து, உரிய ஊதியம் தந்து, செய்முறைத் தேர்விலும் இதற்குச் சில மதிப்பெண்கள் ஒதுக்குமாறு கலை பண்பாட்டுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அத்தொழிலில் கை தேர்ந்தவர்கள் திருவாவடுதுறைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கல்விச் சான்றிதழ் கேட்காமல் வகுப்பெடுக்க அழைப்பதற்கு ஓர் அரசாணை போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நாதஸ்வர ஆசிரியர்,
கும்பகோணம்.