ஆறடிக்காரருக்கும் ஐந்தடிக்காரருக்கும் ஒரே நாற்காலியா? கொள்முதல் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லி, அதற்கான மேசை, நாற்காலி, மானிட்டர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி ஊழியர்களின் வீட்டு வாசலில் இறக்கிவிடும் நிர்வாகத்தாருக்கும் கொள்முதல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

லேப்டாப்பை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. நீங்கள் செலவு செய்ய முன்வந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அந்தச் செலவு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். சாமானின் தரத்தைக் குறை சொல்லவில்லை. உட்காரப் போகிறவர் யார் என்று பார்க்காமலே வாங்குகிறீர்கள், அதுதான் பிரச்சினை.

எனக்கு வந்த பெட்டியும் என் அணியில் மற்றவர்களுக்கு வந்த பெட்டியும் ஒன்றுதான். ஒரே மேசை, ஒரே நாற்காலி, உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், கணக்கு வைப்பதும் சுலபம், புரிகிறது. அது எங்கே இடிக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

சாதாரணமாகக் கிடைக்கும் மேசையின் உயரம் 73 முதல் 75 செ.மீ. வரை. சுமார் 155 செ.மீ. உயரமுள்ள ஒருவர், பாதம் தரையில் பதிய உட்கார்ந்து கையை மடக்கினால், முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது மேசை அவர் கைக்கு அரைச் சாணுக்கும் அதிகமாக மேலே நிற்கிறது. அவர் என்ன செய்வார்? தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்வார், மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். சரி என்று நாற்காலியை உயர்த்துவார். இப்போது கை சரியாகிவிட்டது, கால் அந்தரத்தில். பாதம் துழாவிக்கொண்டு போய், நாற்காலிக்கு அடியில் சக்கரம் மாட்டியிருக்கும் தண்டில் ஏறி நிற்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையை அடியிலிருந்து அழுத்த, கால் மரத்துப்போகும். அது பொறுக்காமல் முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருவார். கால் தரையைத் தொட்டுவிட்டது, முதுகோ சாய்மானத்தை விட்டு வந்துவிட்டது. இடுப்புக்கு அணைவாக இருக்கட்டும் என்று நீங்கள் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய வளைவு, அவருக்குப் பின்னால் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வீடியோ கூட்டத்தில் இதெல்லாம் உங்கள் கண்ணில் படாது. தோளுக்கு மேலேதானே தெரிகிறது.

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்வதா என்று கேட்பார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதைத்தான் எங்களைச் செய்யச் சொல்கிறீர்கள். இத்தனைக்கும் தீர்வு சுலபமானது. வாங்கும் முன் ஊழியரிடம் இரண்டே இரண்டு அளவுகளைக் கேளுங்கள். பாதம் தரையில் பதிய உட்கார்ந்த நிலையில், தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஒன்று, மடக்கிய முழங்கை வரை இன்னொன்று. முதலாவது இருக்கையின் உயரம். இரண்டாவது கீபோர்டு இருக்க வேண்டிய உயரம். ஓர் அளவு நாடாவும் ஐந்து நிமிடமும் போதும். மேசை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, உயரத்தைக் குறைக்க வழியில்லை என்றால், நாற்காலியை உயர்த்திக்கொண்டு, உயர்த்திய அளவுக்குக் காலுக்கு அடியில் ஒரு சாய்வுப் பலகை கொடுத்துவிடலாம். கணினித் திரையில் வேலை செய்பவர்களுக்காக, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1990-இல் கொண்டுவந்த உத்தரவிலேயே, கேட்கிற எவருக்கும் கால்பலகை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் கொள்முதல் பட்டியலில் இருக்கும் சாமான்களிலேயே மலிவானது அதுவாகத்தான் இருக்கும். அது மட்டும்தான் விடுபட்டுப் போகிறது.

நாற்காலிக்கு வருகிறேன். மொத்தப் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். உயரம் மாற்ற முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறீர்கள். அதற்குச் சமமாக முக்கியமானது இருக்கையின் ஆழம். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். இடமே இல்லையென்றால் இருக்கை அவருக்கு நீளம், ஒரு கையே நுழைகிறதென்றால் குட்டை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியுள்ள நாற்காலியாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இல்லையென்றால் வேறு வேறு அளவில் வாங்க வேண்டியதுதான். இது ஒன்றும் புதுசு இல்லை. ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் நாற்காலி 1994-இல் வந்தபோதே மூன்று அளவுகளில்தான் வந்தது. சட்டையை அளவு கேட்காமல் யாரும் அனுப்புவதில்லை. நாள் முழுக்க உட்காரப் போகிற நாற்காலிக்கு மட்டும் ஏன் ஒரே அளவு?

கைப்பிடியையும் பாருங்கள். உயரம் மாற்ற முடியாத கைப்பிடி மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு, ஆளை மேசைக்குக் கிட்டே வரவிடாது. அப்படிப்பட்ட கைப்பிடிக்குக் கைப்பிடியே இல்லாதது மேல். அப்புறம் சக்கரம். வழவழப்பான கல் தரைக்கும் மரத் தரைக்கும் மென்மையான சக்கரம், கம்பளத்துக்குக் கடினமான சக்கரம். மாறிப்போனால் ஒன்று தரை கீறும், அல்லது நாற்காலி நகர மறுக்கும். பந்தயக் கார் இருக்கை மாதிரி இரண்டு பக்கமும் இறக்கை வைத்த நாற்காலிகள் படத்தில் அமர்க்களமாக இருக்கும். வளைவுகளில் வேகமாகத் திரும்பும் கார் ஓட்டுநரைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த இறக்கை. எக்செல் கோப்பு திறக்கிறவர் அப்படி எங்கும் சரிந்துவிட மாட்டார்.

லேப்டாப் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கோபமே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் இன்னொன்று தப்பாகிவிடும். கை சரியாக இருந்தால் தலை குனியும், தலை நிமிர்ந்தால் கையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அங்குமிங்கும் எடுத்துப்போய்க் கொஞ்ச நேரம் பார்க்க அது போதும், எட்டு மணி நேரத்துக்கு இல்லை. மேலே சொன்ன 1990 உத்தரவு, கீபோர்டு திரையிலிருந்து தனியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. தொடர்ந்து நீண்ட நேரம் பயன்படுத்தாத கையடக்கக் கருவிகளுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. ஆகவே லேப்டாப் தருகிறீர்கள் என்றால், கூடவே ஒரு தாங்கி, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். மானிட்டர் வாங்க இந்த ஆண்டு நிதியில்லை என்றாலும் இந்த மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள். தாங்கிக்குப் பதில் தடித்த புத்தகங்களை அடுக்கிக்கொள்ளலாம், கீபோர்டுக்கு அப்படி மாற்று ஏதும் இல்லை.

கீபோர்டிலும் ஒரு சின்ன விஷயம். வலதுபக்கம் எண் பட்டை வைத்த முழு நீளக் கீபோர்டு, வலதுகைக்காரரின் மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது. கை நாள் முழுக்க விலகியே இருக்கும், தோள் வலிக்கும். கணக்குப் பிரிவினருக்கு எண் பட்டை இல்லாமல் முடியாது. எழுதுகிறவர்களுக்கும் நிரல் எழுதுகிறவர்களில் பலருக்கும் அது தேவையே இல்லை. எது வேண்டும் என்று கேட்டு அனுப்பினால் போதும், செலவு கூடப்போவதில்லை.

மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத்தான் திரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக வேண்டும், இல்லாவிட்டால் முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே உயரம் மாற்றும் தண்டு உள்ள மானிட்டராக வாங்குங்கள். அது முடியாவிட்டால், மேசையில் பொருத்தும் மானிட்டர் தாங்கியில் மாட்ட வசதியாகப் பின்பக்கம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்றாவது பாருங்கள். திரையின் அகலத்தை வைத்து மட்டும் விலை பேசாதீர்கள்.

நின்றுகொண்டும் வேலை செய்ய வசதியாக, மோட்டாரால் ஏறி இறங்கும் மேசை இப்போது எல்லாருடைய ஆசைப் பட்டியலிலும் இருக்கிறது. வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் எவ்வளவு உயரம் ஏறும் என்று போடுவார்கள், நீங்கள் எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அடுக்குக் கால் உள்ளவை பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே வருவதில்லை. மூன்று அடுக்குக் கால் உள்ளவை 60 செ.மீ. அளவுக்கு இறங்கும். உயரம் குறைந்தவருக்கு முதல் வகையை வாங்கிக் கொடுத்தால், அவர் உட்காரும் நேரமெல்லாம் பழைய கதைதான். மின்மோட்டார் இல்லாத சாதாரண மேசையே போதும் என்றால், பலகை அசையாமல் இருக்கட்டும், ஆழம் 70 செ.மீ.யாவது இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் மானிட்டர் முகத்தில் மோதும்.

ஹெட்செட்டில் ஒரு குழப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் நீக்கும் வசதி என்று அட்டையில் போட்டிருப்பது பல நேரம் போட்டுக்கொள்கிறவரின் காதுக்கானது. அவர் வீட்டு இரைச்சல் மறுமுனைக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமென்றால், மைக்கில் அந்த வசதி இருக்க வேண்டும். கூட்டத்தில் எல்லாரையும் வாட்டுவது இரண்டாவது பிரச்சினை, நீங்கள் காசு கொடுப்பது முதலாவதுக்கு. வெளிச்சத்துக்கு ஒரு மேசை விளக்கு அனுப்புங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைப் போடச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எல்லார் வீட்டிலும் இதற்கென்று தனி அறை இருக்காது. மேசை போடச் சுவரோரம் எத்தனை செ.மீ. இருக்கிறது என்று படிவத்தில் கேளுங்கள். 140 செ.மீ. நீள மேசையை 100 செ.மீ. இடம் உள்ளவர் வீட்டுக்கு அனுப்பினால், அவர் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். உங்கள் ஏட்டில் அவருக்கு மேசை கொடுத்தாகிவிட்டது.

கடைசியாக ஒரு கோரிக்கை. இரண்டு வாரமாவது உட்கார்ந்து பார்க்காமல் நாற்காலி பொருந்துகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விற்பவரிடம் ஒப்பந்தம் போடும்போதே, ஒரு மாதத்துக்குள் வேறு அளவுக்கு மாற்றித் தர வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்குகிறவரிடம் மறுக்க மாட்டார்கள். மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், மருத்துவச் சான்றிதழ் கொண்டுவா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் அமர்ந்து இதை எழுதும் ஓர் ஊழியர்