ரெண்டு பொம்பளைங்க வந்தா ரூம் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல அடிக்கடி வீக்எண்ட் டூர்னு எங்க போகலாம் என்ன சாப்பிடலாம்னு போடுறீங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா தங்குறதுன்னு வரும்போது மட்டும் பட்ஜெட்டுக்கு ஏத்த லாட்ஜ் நிறைய இருக்குன்னு ஒரே வரியில முடிச்சிடுறீங்க. அந்த ஒரு வரியப் பத்தித்தான் எழுதுறேன்.

நானும் என் ஃபிரெண்டும் காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க, ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியாச்சு, அவ கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர். வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரையில பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினா சனி ஞாயிறு சென்னைய சுத்திட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டியில திரும்பிரலாம், திங்கக்கிழமை வேலைக்கும் போயிரலாம்னு பிளான். மதுரைக்காரங்களுக்கு இத விட வசதியான வண்டி ஏது, தூங்கி எந்திரிச்சா எக்மோர். என்ன, விடிஞ்சும் விடியாம இறக்கி விட்டுரும், குளிச்சு துணி மாத்த ரூம் வேணும்.

ஸ்டேஷன் பக்கம் லாட்ஜுக்கா பஞ்சம். முதல்ல போன எடத்துல கவுண்டர்ல இருந்த பையன் எங்க மூஞ்சியப் பாக்காம எங்களுக்குப் பின்னாடி வாசலையே எட்டி எட்டிப் பாத்தான், அப்புறம் "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலீங்களா மேடம்"னான். இல்லப்பா நாங்க ரெண்டு பேருதான்னதும் "லேடீஸ் மட்டும்னா குடுக்குறதில்லைங்க, ஓனர் ஆர்டர்". அவன் தலைக்கு மேல பலகையில வரிசையா சாவி தொங்குது. அடுத்த லாட்ஜ்ல இன்னும் மோசம், ஆதார் எல்லாம் வாங்கிப் பாத்துட்டு "வீட்டுக்காரர் நம்பர் குடுங்கம்மா, ஒரு வார்த்தை பேசிக்கிறோம்"னு கேக்குறாரு ஒரு பெரியவர். என் ஃபிரெண்டோட வீட்டுக்காரர் இறந்து வருஷக் கணக்காச்சு. அவ கொஞ்சமும் அசரல, "என் மகன் நம்பர் தரேன் சார், காலேஜ்ல படிக்கிறான், அவன் பர்மிஷன் குடுத்தா போதுமா"ன்னா. அவரு பதிலே சொல்லாம ஆதார திருப்பிக் குடுத்துட்டாரு. வருஷா வருஷம் ஒரு பஸ் நிறைய பிள்ளைங்கள டூர் கூட்டிட்டுப் போயி பத்திரமா வீடு சேக்குற டீச்சர் அவ.

கடைசியில ஒரு சந்துக்குள்ள இருந்த லாட்ஜ்ல கவுண்டர்ல ஒரு அக்கா, ஆதார ஜெராக்ஸ் எடுத்தாங்க, சாவியக் குடுத்தாங்க, சுடுதண்ணி எப்ப வரும்னு சொன்னாங்க, அவ்ளோதான்.

ஊர் சுத்தினதுல குறையே இல்ல சார், அதையும் சொல்லணும். மியூசியம் எக்மோர்லயே, வெள்ளிக்கிழமைதான் லீவு, சனிக்கிழமை தாராளமா பாக்கலாம். வெண்கலச் சிலை இருக்குற கட்டடத்துல திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர் முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்தோம், சிவன் பக்கம் ரெண்டு கை, அம்மன் பக்கம் ஒரே கை, இடுப்பு வளைவு கூட ஒவ்வொரு பக்கமும் வேற வேற. "நம்மளும் இப்படி பாதி ஆம்பளையா வந்திருந்தா முதல் லாட்ஜ்லயே ரூம் குடுத்திருப்பான்டி"ன்னு அவ சொன்னதும் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு, வாட்ச்மேன் ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் மெரினா லைட்ஹவுஸ், லிஃப்ட்லயே மேல போயிரலாம், சாயங்காலம் மயிலாப்பூர் கோயில். பெரும்பாலும் பஸ்தான், சாதா பஸ்ல பெண்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட் காசு கிடையாதே. கவர்மெண்ட் பொம்பளைங்க எங்க வேணா போங்கன்னு பஸ்ஸ ஃப்ரீயா விடுது, லாட்ஜ்காரர் ஆம்பளைய கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு.

பாதுகாப்புக்காகத்தான் கேக்குறோம், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் எங்களத்தானே கேக்கும்னு சொல்வாங்க. யாரோட பாதுகாப்புக்கு? விடியாத நேரத்துல பையோட ரெண்டு பேர ரோட்டுக்குத் திருப்பி அனுப்புறதா பாதுகாப்பு? அரசியலமைப்புச் சட்டம் 15(2)ல கடை, ஹோட்டல்னு பேர் போட்டே ஆணா பெண்ணான்னு பாத்து யாரையும் தடுக்கக் கூடாதுன்னு இருக்கு. ஐடி கேக்கட்டும், ஜெராக்ஸ் எடுக்கட்டும், கேமரா வைக்கட்டும், அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்காரர் நம்பர் எதுக்கு?

ரயில்ல வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தா பி.என்.ஆர். போட்டு ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூமுக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல ட்ரை பண்ணலாம், ஆனா வீக்எண்ட்னா சீக்கிரம் பண்ணணும். பஸ்ல வந்து கிளாம்பாக்கத்துல இறங்குறவங்களுக்கு பி.என்.ஆருக்கு எங்க போறது?

அதனால சுற்றுலாத் துறையும் மாநகராட்சியும் லாட்ஜ் கவுண்டர்ல பெண்களுக்கு ரூம் மறுக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கச் சொல்லணும், புகார் நம்பரும் அதுலயே இருக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பண்ணுங்க சார், உங்க நிருபர்கள்ல ரெண்டு பெண்கள ஒரு சனிக்கிழமை காலையில பையோட அனுப்பி, நேரா கவுண்டர்ல போய் ரூம் கேக்கச் சொல்லுங்க. என்ன பதில் வருதோ அத அப்படியே அடுத்த வாரம் வீக்எண்ட் டூர் பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை