இனிஷியல் வேறாக இருந்த தங்கை: லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு லாட்ஜ் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை. மதுரையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் இரவு ஏழரை மணிக்குத் தங்கை தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்தாள். ரிசப்ஷனில் நிறுத்திவிட்டார்கள். விசிட்டர் மேலே போகக் கூடாதாம், போர்டு இருக்கிறதாம்.

"கூடப் பிறந்தவங்க" என்றேன். ஆதார் கேட்டார். என்னுடையதையும் அவளுடையதையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிஷியல் வேறயா இருக்கே சார்" என்றார். கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறும் என்பதை மதுரையில் நின்று விளக்க வேண்டியதாயிற்று. அப்புறமும் விடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு இருந்த அப்பாவை இரண்டாம் மாடியிலிருந்து கைப்பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். போவோர் வருவோர் பார்க்க, சோபா ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ரிசப்ஷனில் இருந்த தம்பி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அவர் மேல் வருத்தமில்லை. போர்டு மாட்டச் சொன்னவர்களிடம்தான் பேசுகிறேன்.

உங்கள் சங்கடம் புரியாமல் இல்லை. இரண்டு பேர் என்று எழுதிவிட்டு ஐந்து பேர் படுப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் முதலில் கேட்பது உங்கள் லெட்ஜரைத்தான். சரி, வருகிறவரின் பெயர், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். இரவு பத்துக்கு மேல் இருந்தால் எக்ஸ்ட்ரா பெட் காசு போடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்?

முகூர்த்த நாளில் இதே லாட்ஜ்களில் மாப்பிள்ளை வீட்டார் அறையில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். ஒருவரிடமும் இனிஷியல் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆக, பயம் பாதுகாப்பைப் பற்றியதல்ல. ஓர் ஆணின் அறைக்கு ஒரு பெண் போகிறாளே என்பதுதான். கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்த வழக்கில், கல்யாணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தங்குகிறவர்களைப் பற்றிய பேச்சு, பார்க்க வருகிறவர்களுக்கு விதி போடுவது எங்கள் இஷ்டம் என்பீர்கள். இருக்கட்டும். உறவுமுறையை விசாரிக்கும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது?

விதியை மாற்ற மனமில்லை என்றால், அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கட்டி, பெட்டியை மேலே ஏற்றிய பிறகு போர்டைக் காட்டாதீர்கள்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு இன்னொரு கண். தங்கை இந்த முறையும் ரசம் சாதம்தான் கொண்டுவருவாள். எந்த லாட்ஜில் அவளை மேலே விடுவீர்கள் என்று அதற்குள் தெரிந்தால், அங்கேயே அறை போட்டுவிடுவேன்.