இல்லாத தீர்ப்புகளைக் காட்டி வாதிடலாமா?

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டும் தீர்ப்புகளைப் பற்றிப் பேசுவோர், இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 6 அன்று வழங்கிய தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். அதில் இரண்டு வழக்குகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. லண்டன் ஹாரிங்கே நகராட்சிக்கு எதிரான மனுவில் காட்டிய 5 முன்தீர்ப்புகள் எங்குமே இல்லை. கத்தார் தேசிய வங்கிக்கு எதிரான வழக்கில் 45 மேற்கோள்களில் 18 இல்லாதவை. அவற்றைத் தேடித் தந்தவர் கட்சிக்காரர். அவருடைய வழக்கறிஞரான சொலிசிட்டர் சரிபார்க்காமலே தாக்கல் செய்திருக்கிறார். இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

கண்டனம், வீண்செலவு உத்தரவு (வழக்கறிஞரால் வீணான செலவை அவரையே ஏற்கச் செய்வது), வழக்கறிஞர்களின் ஒழுங்கு அமைப்புக்குப் புகார், நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, மிக மோசமானால் காவல் துறை விசாரணை என்று தண்டனை வழிகளை நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. அவமதிப்புக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு.

சரிபார்ப்பது கடினமல்ல. 2001 முதல் அங்கே உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளுக்கு ஆண்டு, நீதிமன்றச் சுருக்கம், வரிசை எண் கொண்ட பொதுக் குறியீடு வழங்கப்படுகிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசத் தளத்தில் அதைத் தேடலாம். ஆனால் எண் கிடைத்ததோடு நிறுத்தினால் ஏமாறுவோம். அதே எண்ணில் வேறொரு வழக்கு இருக்கலாம். வழக்கின் இரு தரப்பினர் பெயரும் பொருந்துகிறதா, மேற்கோள் காட்டிய பத்தி அங்கே இருக்கிறதா, மேல்முறையீட்டில் அது மாறிவிட்டதா என்றும் பார்த்தாக வேண்டும். பழைய தீர்ப்புகளுக்கு அச்சிட்ட சட்ட அறிக்கைத் தொகுதிகளே துணை.

— ஒரு வாசகர்