கண்ணீர்ச் சுரப்பிக் கட்டியும் பயாப்ஸியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கண்குழிக் கட்டிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் 'எந்தக் கட்டியானாலும் முதலில் பயாப்ஸி (துண்டு எடுத்துச் சோதிப்பது)' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது சரியல்ல. புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே, எலும்புப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கு அந்த விதி பொருந்தாது.

அங்கே வரும் ப்ளியோமார்ஃபிக் அடினோமா புற்று அல்ல. பெரும்பாலும் வலிக்காது, ஓராண்டுக்கு மேலாக மெல்ல வளர்ந்து, கண்ணைக் கீழும் மூக்குப் பக்கமுமாகத் தள்ளும். சி.டி. ஸ்கேனில் எலும்பு அரிபடாமல் வழவழப்பாகக் குழிந்திருக்கும். இப்படி இருந்தால் துண்டு கிள்ளிப் பார்க்காமல், சுற்றியுள்ள திசு கொஞ்சத்தோடு முழுசாக எடுத்துவிட வேண்டும். இதன் உறை பெயருக்குத்தான் உறை. நுண்ணோக்கியில் ஸ்லைடைப் பார்த்தால் கட்டியின் சிறு மொட்டுகள் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உறை கிழிந்தால் கட்டி குழிக்குள் சிந்தி, பல ஆண்டுகள் கழித்துக்கூட நாலைந்து இடங்களில் முளைக்கும். சில புற்றாகவும் மாறும். 1978இல் வெளியான ஒரு தொகுப்பில், முழுதாக எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டுக்குள் கட்டி திரும்பியது. முன்பே வெட்டிப் பார்த்தவர்களில் 32 சதவீதம். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் நுண்ணூசிப் பரிசோதனையில் அவ்வளவு ஆபத்தில்லை என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். ஸ்கேன் தெளிவாக இருக்கையில் அதுவும் எதற்கு என்பதே என் கேள்வி.

வலியோடு சில மாதங்களிலேயே வளர்ந்து, எலும்பும் தாறுமாறாக அரித்திருந்தால் பயாப்ஸி கட்டாயம். அது இந்தச் சுரப்பியின் புற்றான அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமாவாக இருக்கலாம். இது நரம்பைச் சுற்றிப் படர்வது. வலியும், நெற்றிப்பொட்டு மரத்துப்போவதும் அதனால்தான். ஸ்லைடில் சல்லடைத் துளைகள் தெரியும். துளையின்றிச் செல்கள் அடர்ந்த பகுதி அதிகமானால் நோயின் போக்கு மோசம். அது எவ்வளவு என்பதை அறிக்கையில் அவசியம் எழுத வேண்டும். 'விளிம்பு சுத்தம்', அதாவது வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்று வந்தாலும் நம்பி உட்கார முடியாது. நரம்பு வழியே, கண்குழிக்குப் பின்னால் மண்டைக்குள் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைப் பகுதி வரை போயிருக்கலாம். பத்தாண்டு கழித்து நுரையீரலில் தென்படுவதும் உண்டு.

அழற்சி என்று நினைத்து உடனே ஸ்டீராய்டு தொடங்குவது இன்னொரு தொல்லை. லிம்போமாவாக (நிணநீர்ச் செல்களின் புற்று) இருந்தால் கட்டி சுருங்கிவிடும். பிறகு எடுக்கும் துண்டில் விடை கிடைக்காது.

அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுக் கட்டியை தியேட்டரிலேயே பிளந்து பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். எது விளிம்பு, எது கத்தி பட்ட இடம் என்று அதன்பின் சொல்ல முடியாது. திசை தெரிய ஒரு தையல் போட்டு, கட்டியைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) அனுப்புங்கள். லிம்போமா சந்தேகமானால் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல், சலைனில் நனைத்த துணியில் சுற்றி உடனே அனுப்ப வேண்டும். திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் எந்த ஆய்வகத்தில் இருக்கின்றன என்று நோயாளியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்துக் கட்டி திரும்பினால் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

— நோய்க்குறியியல் மருத்துவர்,
மதுரை