அந்த அப்புவின் கயிறு எங்களிடம் இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் சிம்கோ ஏரியில் எங்களுக்கு என்ன நடந்தது என்பது இப்போது ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் புகையைப் பார்த்துவிட்டு மொன்றியலில் இருக்கும் சித்திகூட அழுதுகொண்டு போன் எடுத்தார். அதனால் திரும்ப முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. நானும் மனைவியும் பிள்ளைகள் இரண்டு பேரும் மாமாவும் போன எங்கள் படகின் எஞ்சின் ஏரியில் வைத்து வெடித்து நின்றுவிட்டது. ஐந்து பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். சின்னவளுக்குக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். படகு மட்டும் வீட்டு வாசலில் டிரெய்லரில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. வேலைக்குப் போகும்போது அதன் பக்கம் நான் பார்ப்பதில்லை.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்கு. முக்கியமாக ஒருவருக்கு. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தமிழும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே மீன் பிடிக்கப் போகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது ஒருவருக்கு அவரை அடையாளம் தெரியாமலா இருக்கும்?

எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அதனால் எங்களுக்கு அவர் 'அப்பு'. பதினாலு அடி அலுமினியப் படகு, பக்கமெல்லாம் நெளிந்தது. பின்னால் 9.9 குதிரைவலு மோட்டர். தலையில் வெயிலில் நிறம் போன தொப்பி. பேர்ச் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் எஞ்சின் வெடித்த சத்தத்தைத் தூரத்தில் இருந்தே கேட்டிருக்கிறார். தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்.

எங்களுடையது என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான் காட்டாத ஆள் இல்லை. 26 அடி, 7.4 லீற்றர் வி8 எஞ்சின், மணிக்கு நூறு கிலோமீற்றர் தொடும் என்று பிறந்தநாள் வீடுகளில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். அன்று அது அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி, சும்மா ஒரு பெரிய வெள்ளைத் தொட்டி மாதிரி ஆடிக்கொண்டு நின்றது.

அவர் வந்ததும் கத்திச் சொன்ன முதல் வார்த்தை, "சாவியைத் தொடாதே." அந்த நிமிடம் என் கை சாவியில்தான் இருந்தது. இன்னொருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று நினைத்தேன், யார்தான் நினைக்க மாட்டார்கள்? உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ரொட் உடைந்து, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. அது பெற்றோல் குழாயையும் அறுத்திருக்கலாம் என்றும் தெரியாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த எஞ்சின் மூடிக்கு மேலே இருக்கிற மெத்தையில்தான் இருந்தார்கள். உடனே முன்னுக்கு அனுப்பினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

இரண்டாவதாக, தண்ணீர் இறைக்கும் பம்பின் பியூஸைக் கழற்றச் சொன்னார். அது தானாக ஓடுகிற பம்ப். அடியில் ஆறேழு லீற்றர் ஒயில் கொட்டிக் கிடந்தது, பம்ப் ஓடினால் முழுவதும் ஏரிக்குள் போகும். "இந்தத் தண்ணீரைத்தான் சுற்றியிருக்கிற ஊர்கள் குடிக்குது" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் சின்னக் கோபம்கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் உயிருக்குப் பயந்துகொண்டு நிற்கிறோம், இவர் ஏரியைப் பற்றி யோசிக்கிறார் என்று.

அப்புறம்தான் கயிறு.

வடமேற்குக் காற்று எங்களை ஜோர்ஜினா தீவுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று மனைவிக்குச் சொல்லிவிட்டேன். மாமா படகின் முன்பக்கம், அணியத்தில் குந்தியிருந்து நங்கூரக் கயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இது நிலத்தைத் தொடேல்லை" என்றார். ஆழம் காட்டும் கருவியில் 70 அடி. என் கயிறு 50 அடி. நங்கூரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. படகு வாங்கியபோது பெட்டியில் கிடந்த கயிறு அது. ஸ்பீக்கருக்குச் செலவழித்த காசில் பத்தில் ஒரு பங்கு போதும், நல்ல கயிறு வாங்கியிருக்கலாம். நங்கூரம் பிடிக்க வேண்டுமென்றால் ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும் என்பதைப் படகோட்டும் அட்டைக்கான பரீட்சைக்குப் படித்து, சரியான விடையும் போட்டவன் நான்.

அந்த அப்பு ஒன்றும் பேசவில்லை. தன் நங்கூரத்தில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். முழுவதையும். கைக்குக் கை சுருட்டி ஒரே வீச்சு. மாமா பிடித்தார்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். 1990 வரை கடலுக்குப் போனவர். அந்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் திரும்ப விட்டது 2017 யூலையில். இடையில் 27 வருடங்கள். கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர், என் படகைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. படகில் ஏறினால் ஓர் ஓரமாக, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விருந்தாளி மாதிரி இருப்பார். மற்றவர்களும் அதைக் கட்டும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று அவருடைய கை வேலை செய்ததைப் பார்த்தேன். என் கயிறு தடிப்பு, அந்த அப்புவுடையது மெல்லிசு. தடிப்புக் கயிற்றின் தலைப்பை மடித்துப் பிடித்து, மெல்லிய கயிற்றை அதற்குள்ளால் எடுத்துப் பின்பக்கம் இரண்டு சுற்று. வலைக்கண் போடுகிற அதே முடிச்சு. முப்பது வருடத்துக்கு மேலாகக் கை மறக்கவில்லை. அப்பு தன் படகில் எழும்பி நின்று எட்டிப் பார்த்தார். தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். ஒருவருக்கு ஆங்கிலம் வராது, மற்றவருக்குத் தமிழ் வராது. இடையில் நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை.

50 அடியும் 200 அடியும் சேர்ந்து 250 அடி. கணக்குப்படி அதுவும் போதாது. ஆனாலும் பிடித்தது. கயிறு இறுகி, அணியம் மெல்லத் திரும்பி அலையைப் பார்த்தது. படகு பக்கவாட்டில் உருளுவது நின்றதும் பெரியவள் வாந்தி எடுப்பதை நிறுத்தினாள். என் மனைவி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

கயிற்றை எங்களுக்குத் தந்துவிட்டால் அவருக்கு நங்கூரம் இல்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இழுவைப் படகு வரும்வரை, இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அந்த 9.9 மோட்டரை மெதுவாக ஓட விட்டுக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்களைக் கட்டி இழுக்க அவருடைய மோட்டருக்குச் சக்தி இல்லை, அந்த அலையில் முயன்றிருந்தால் அவர்தான் கவிழ்ந்திருப்பார். அது அவருக்கும் தெரியும். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் சும்மா கூட நின்றார். பெற்றோல் அவருடையது. சனிக்கிழமைக் காலையும் அவருடையது.

இடையில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லித் தந்தார். அதற்கு முன் நாலைந்து படகுகள் எங்களைக் கடந்து போயிருந்தன, பிள்ளைகள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள்! டாட்டா காட்டுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும், திரும்பத் திரும்ப. அதுதான் ஆபத்து என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே சைகை. சின்னவள் இப்போது சாப்பாட்டு மேசையில் பீட்றூட்டைக் கண்டால் அதைச் செய்கிறாள்.

இழுவைப் படகு எங்களைக் கட்டியதும் திரும்பிப் பார்க்கிறேன், அவர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையை உயர்த்தினார். நான் கத்தியது காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. 911-இல் தொடர்பை விடாமல் பிடித்திருந்து, போனில் இருந்து அட்சரேகை தீர்க்கரேகையை எப்படி வாசிப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்த அந்தப் பெண் குரலுக்கு. இழுவைப் படகில் வந்த இரண்டு பெடியன்களுக்கு. துறையில் துவாய் கொண்டுவந்து போர்த்திய, பெயர் தெரியாத குடும்பத்துக்கு. டிரெய்லரை இழுக்கத் தன் டிரக்கோடு நள்ளிரவு வரை நின்ற மச்சானுக்கு. மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் இடியப்பமும் சொதியும் அனுப்பிய அக்காமாருக்கு, உங்கள் சட்டிகள் கழுவி வைத்திருக்கிறேன், வந்து எடுங்கள். "நான் அப்பவே சொன்னனான்" என்று போன் எடுத்தவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்னது சரிதான்.

எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக் அண்ணைக்குத் தனியாக. மூன்று மணித்தியாலம் செலவழித்தார், காசு வாங்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். சென்ற ஒக்டோபரில் குளிர்காலத்துக்கு மூடி வைக்கிற வேலையைக் கொஞ்ச டொலர் மிச்சம் பிடிக்க நானே செய்தேன். பிளொக்கின் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிக்கும் ஆணியைக் கழற்றினேன். ஒரு பக்கம் தண்ணீர் கொட்டியது. மற்றப் பக்கம் நாலு சொட்டு. வடிந்துவிட்டது என்று நினைத்துப் பூட்டினேன். வடியவில்லை, துளையைத் துருத் தூள் அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்த்திருந்தால் கொட்டியிருக்கும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் அளவுக்குப் பெருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது. மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலுக்குள் கசிந்து, பேரிங் தேய்ந்து, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மனைவிக்கு நேற்றுத்தான் சொன்னேன். அன்று காலை ஒயில் கம்பியை உருவிப் பார்த்தேன். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அது தண்ணீர் கலந்ததன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வந்து பார்ப்போம் என்று கம்பியைத் துடைத்து உள்ளே விட்டேன்.

எஞ்சின் மாற்றுவதா, படகை விற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவானாலும் இனி 350 அடிக் கயிறு இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டேன். கடல் ரேடியோ பாவிப்பதற்கான சான்றிதழுக்கு நானும் மனைவியும் பெயர் கொடுத்துவிட்டோம். அவள்தான் முதலில் பாஸ் பண்ணுவாள்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். இழுவைப் படகுப் பெடியன்கள் நங்கூரத்தை மேலே இழுத்தபோது இரண்டு கயிறும் சேர்ந்து எங்கள் படகுக்குள் விழுந்தது. அடுத்த நாள் காலை நான் எழும்புவதற்குள் மாமா அதைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், முடிச்சை அவிழ்த்து, அப்புவின் கயிற்றை மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசு அலசு என்று அலசிக்கொண்டிருந்தார். ஏன் மாமா இவ்வளவு என்று கேட்டேன். "உப்புப் போகவேணும், இல்லாட்டிக் கயிறு கெட்டுப்போம்" என்றார். சிம்கோ நன்னீர் ஏரி. அவருக்கும் அது தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நிழலில் காயவைத்து, ஊரில் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, கராஜில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். என் தடிப்புக் கயிறு கீழே ஒரு மூலையில் கிடக்கிறது.

அந்த அப்புவைத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒக்டோபரில் நன்றி நாள் விடுமுறை வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணியில் இருந்து சிம்கோ ஏரியின் ஜாக்சன்ஸ் பொயின்ற் துறையில் நிற்போம். போன சனிக்கிழமையும் நின்றோம், வரவில்லை. மாமா இரண்டு கோப்பையும் ஒரு தேத்தண்ணிப் போத்தலும் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கோப்பை இல்லை.